சிற்றறையும் சீரொலியும்

இசை கேட்டு இன்புற விரும்பியோர் முற்காலத்தில் கோயில் வீதிக்கும் அரங்குக்கும் சென்றனர். பின்னர் இசையே அவர்தம் இல்லத்தை நாடி வரலாயிற்று. ஆயினும், முற்றமும் விறாந்தையும் சூழ்ந்த பெருமனை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி முதலிய இடங்களிலே தொடர்மாடிகளில் வாழும் குடும்பங்கள் பல. அத்தகைய வீட்டில் 10 அடி அகலமும் 13 அடி நீளமும் கொண்ட ஓர் அறை இசைக்கெனக் கிடைத்தாலே பெரும் பேறு எனலாம். ஒரு சுவருக்கு அப்பால் அயலவரின் படுக்கையறை. காலடியிலோ மற்றொரு குடும்பத்தின் கூரை. இச்சிற்றறையில் நல்ல ஸ்டீரியோ ஒலிபெருக்கிகள் இரண்டை வைத்து இசை கேட்க விழையும் ஒருவர்க்கு முதலில் எழும் ஐயம் ஒன்றுண்டு. அவற்றை இயக்க எவ்வளவு மின்வலு வேண்டும் என்பதே அது.

கடைக்குச் சென்றால் இதற்கு விடை எளிதிற் கிடைப்பதுபோலத் தோன்றும். 50 வாற்று, 100 வாற்று, 200 வாற்று என்று எண்கள் வரிசையாக நிற்கும். எண் ஏற ஏற விலையும் ஏறும். விலை ஏற ஏற இசையும் சிறக்கும் என்று வாங்குவோர் கருதுவர். உண்மை இதற்கு மாறானது. சிற்றறை ஒன்றில் நல்லிசைக்குத் தேவைப்படும் வலு, பலரும் எண்ணுவதிலும் மிகக் குறைவானதாகும். எண்ணை மட்டும் நோக்கி வாங்குபவர் தம் பொருளை இழப்பதோடு, ஒலியின் தரத்தையும், சிலவேளை அயலவரின் நட்பையும் இழக்க நேரும். ஆதலால், அவ்வெண்களின் பொருளை ஒருவாறு அறிந்துகொள்ளுதல் நன்று.

ஸ்டீரியோ என்பது யாது? மனிதனுக்குச் செவிகள் இரண்டு. ஓர் ஒலி இடப்புறத்திலிருந்து வருகின்றதா வலப்புறத்திலிருந்து வருகின்றதா என்பதை அவன் அவ்விரு செவிகளின் துணைகொண்டே உணர்கின்றான். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, இரு வழிகளில் ஒலியைப் பதிந்து, இரு ஒலிபெருக்கிகளால் மீள ஒலிப்பிக்கும் முறைக்கு 1931ஆம் ஆண்டிலே காப்புரிமை கோரியவர் அலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். ஏறத்தாழக் கால் நூற்றாண்டின் பின், 1958ஆம் ஆண்டளவில், ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் சந்தைக்கு வந்தன. இரு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமையும்போது, பாடகர் நடுவிலும் வயலின் ஒருபுறமும் மிருதங்கம் மறுபுறமும் இருப்பதான தோற்றம் செவிக்குக் கிட்டுகின்றது.

இனி, ஒலிபெருக்கி இயங்கும் விதத்தை நோக்கலாம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெலொக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட அமைப்பே இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளுக்கு அடிப்படையாக உள்ளது. காந்தமொன்றின் இடைவெளியிலே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று தொங்குகின்றது. அதனுடன் கூம்பு வடிவான தாள் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. சுருளினூடே மின்னோட்டம் ஏறியும் இறங்கியும் பாயும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கின்றது. எளிய அமைப்புத்தான். ஆனால், வீட்டு ஒலிபெருக்கிகளுட் பல, தமக்கு அளிக்கப்படும் மின்வலுவில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒலியாக மாற்றுவதில்லை. எஞ்சியதெல்லாம் சுருளிலே வெப்பமாகிக் கழிகின்றது. எனவே, ஒரு பெட்டி எத்தனை வாற்றைத் தாங்கும் என்பதிலும், பெற்ற ஒரு வாற்றிலிருந்து எவ்வளவு ஒலியைத் தருகின்றது என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வியாகும்.

இதனை உணர்திறன் என்பர். ஒரு வாற்று வலுவை அளித்து, ஒரு மீற்றர் தொலைவில் நின்று அளந்தால் எத்தனை தெசிபெல் ஒலி கிடைக்கின்றது என்பதே அவ்வளவு. சிறிய பெட்டிகளில் இது பெரும்பாலும் 83 முதல் 88 தெசிபெல் வரை இருக்கும். இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு ஐந்துதானே என்று எண்ணலாகாது. தெசிபெல் என்பது சாதாரண எண்ணிக்கையைப்போல் ஏறுவதன்று. வலுவை இருமடங்காக்கினால் ஒலி 3 தெசிபெல் மட்டுமே கூடும். பத்து மடங்காக்கினால் 10 தெசிபெல் கூடும். பத்து மடங்கு வலுவைச் செலவிட்ட பின்னரே, ஒலி ஏறத்தாழ இருமடங்கு உரத்ததாகச் செவிக்குத் தோன்றும். இதனால் விளங்குவது யாதெனில், 50 வாற்றுக்குப் பதிலாக 100 வாற்று வாங்குபவர் பெறும் மிகுதி 3 தெசிபெல்லே. உணர்திறன் 3 தெசிபெல் கூடிய ஒலிபெருக்கியைத் தெரிந்தெடுத்திருந்தால் அதே பயனை மேலதிக வலு ஏதுமின்றியே அடைந்திருப்பார்.

இவ்வெண்களைக் கொண்டு சிற்றறைக்கு ஒரு கணக்குப் போடலாம். ஒலிபெருக்கியின் உணர்திறன் 85 தெசிபெல் என்க. கேட்பவர் 2 மீற்றர் தொலைவில் அமர்கின்றார். தொலைவு இருமடங்கானதால், திறந்த வெளிக் கணக்கின்படி 6 தெசிபெல் குறையும். பெட்டிகள் இரண்டாதலால் 3 தெசிபெல் கூடும். ஆகவே, பெட்டி ஒன்றுக்கு ஒரு வாற்று வீதம் அளித்தால் அவர் செவியை அடைவது 82 தெசிபெல். அறைச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் உண்மையிலே இதனிலும் சற்று மிகுதியாகவே கிடைக்கும். அதனைக் கணக்கிற் சேர்க்காது விடலாம். இருவர் அருகிருந்து உரையாடும் ஒலி 60 தெசிபெல் அளவினது. இசையை நன்கு நிறைவாகக் கேட்பதற்குச் சராசரி 75 தெசிபெல் தாராளமாகப் போதும். அதற்கு வேண்டிய வலு, பெட்டி ஒன்றுக்கு ஒரு வாற்றில் ஐந்திலொரு பங்கேயாகும்!

ஆனால், இசை எப்போதும் சராசரியில் நிற்பதன்று. தவில் அடியும் மிருதங்கத்தின் தீர்மானமும் திடீரென எழுவன. கணப்பொழுதில் அவை சராசரியிலும் 15 தெசிபெல்வரை உயரலாம். அவ்வேளை வேண்டப்படும் 90 தெசிபெல்லுக்கு 6 வாற்றுக்குச் சற்று மேற்பட்ட வலு தேவை. உணர்திறன் குறைந்த, 82 அல்லது 83 தெசிபெல் அளவினதான பெட்டியாயின், 10 முதல் 13 வாற்று வேண்டும். இதற்குமேற் சிறிது கைம்மிகுதியாகச் சேர்த்துக்கொண்டால் 20 அல்லது 30 வாற்றில் இச்சிற்றறையின் தேவை நிறைவெய்தும். இதே பெட்டிகளிலிருந்து மேலும் 10 தெசிபெல் வேண்டுமெனில், வலு பத்து மடங்காகி 60 வாற்றைக் கடக்கும். அப்போது அறையின் சராசரி ஒலி 85 தெசிபெல் ஆகும். இரைச்சல் மிக்க தொழிற்கூடங்களில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலத்துக்குமேல் இவ்வளவு ஒலியில் இருக்கலாகாது என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1998ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. தொழிற்கூடத்துக்கே எல்லையாக அமைந்த ஒலியைப் படுத்துறங்கும் மனையில் வேண்டி நிற்றல் முறையோ?

வரலாறும் இக்கணக்கை ஆதரிக்கின்றது. 1947ஆம் ஆண்டில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் ஆங்கில இதழில் வில்லியம்சன் என்பவர் விவரித்த வால்வு விரியலாக்கி, இசை ஆர்வலர் பலருக்கு முன்மாதிரியாக விளங்கியது. கடைக்காரர் அம்பிளிபயர் என்று கூறுவதே ஈண்டு விரியலாக்கி எனப்படுகின்றது. வில்லியம்சனின் விரியலாக்கி தந்தது 15 வாற்றுத்தான். 1953ஆம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற குவாட் இரண்டாம் விரியலாக்கியும் 15 வாற்றினதே. 1978ஆம் ஆண்டில் வந்த நாட் 3020 என்பது, வழி ஒன்றுக்கு 20 வாற்று என்ற எளிய அளவுடன் உலகெங்கும் வீடுகளில் இடம்பிடித்தது.

சிறிய இடத்துக்கென்றே அமைந்த ஒலிபெருக்கிக்குச் சிறந்த எடுத்துக்காட்டொன்று உண்டு. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறியியலாளர்கள், வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கமான உட்புறத்தில் வைத்து ஒலியின் தரத்தைக் கவனிப்பதற்கெனச் சிறு பெட்டியொன்றை 1970களின் முற்பகுதியில் உருவாக்கினர். எல்.எஸ். 3/5ஏ என்பது அதன் பெயர். 12 அங்குல உயரமும் 7½ அங்குல அகலமுமே கொண்டது. அதன் உணர்திறனும் குறைவு. 83 தெசிபெல் அளவினைத் தாண்டாதது. உரத்த ஒலியையோ ஆழ்ந்த கீழ்ச்சுரங்களையோ அதனிடம் எதிர்பார்த்தல் இயலாது. ஆயினும், மனிதக் குரலை உள்ளவாறே தரும் ஆற்றலால் அது ஒலிபரப்பு வண்டியை விட்டு இறங்கி இல்லங்களிலும் புகுந்தது. இடத்துக்கு ஏற்ற கருவி எது என்பதை அறிந்து செய்த பொருள் நெடுங்காலம் நிலைக்கும் என்பதற்கு அது சான்றாகும்.

அவ்வாறாயின், மிகச் சிறிய விரியலாக்கி எதுவாயினும் போதுமோ எனின், போதாது. விரியலாக்கியொன்று தன் எல்லையைக் கடந்து செலுத்தப்படும்போது, ஒலியலையின் முகடுகள் கத்தியால் வெட்டியதுபோற் தட்டையாகிவிடுகின்றன. வெட்டுண்ட அலையிலே, மூல இசையில் இல்லாத உயர்ந்த அதிர்வுகள் பிறக்கின்றன. அவை மேற்சுரங்களுக்கென அமைந்த சிறு ஒலிபெருக்கியைச் சென்றடைகின்றன. மயிரிழைபோன்ற அதன் சுருள் அவ்வெப்பத்தைத் தாங்காது எரிந்துவிடக்கூடும். பெருவலுவினால் மட்டுமே பெட்டி பழுதாகும் என்பது பலரின் நம்பிக்கை. சிறு விரியலாக்கியை அலறவைப்பதனாலும் அது பழுதாகும் என்பதை மறத்தலாகாது. ஒலி கரகரக்கத் தொடங்கினால், குமிழை உடனே பின்னோக்கித் திருப்புதலே தக்க செயல்.

பெட்டிகளின்மேல் எழுதப்படும் எண்களிலும் ஏமாற்றம் உண்டு. தொடர்ந்து தரக்கூடிய வலு வேறு. ஒரு கணம் மட்டும் எழக்கூடியதாகக் கற்பனையாற் காட்டும் உச்ச வலு வேறு. உச்ச வலுவைப் பல நூறு, பல்லாயிரம் என்று எழுதும் மலிவான கருவிகள் உள்ளன. இத்தகைய மிகைக் கூற்றுக்களைக் கட்டுப்படுத்துவதற்காகவே அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டில், விரியலாக்கியின் வலுவை எவ்வாறு அளந்து அறிவித்தல் வேண்டும் என்று விதி இயற்றப்பட்டது. வாங்குபவர் தாமே சோதித்தறியவும் எளிய வழி உண்டு. கருவியின் பின்புறத்தில், அது மின்வழங்கலிலிருந்து பெறும் வலு எழுதப்பட்டிருக்கும். 40 வாற்றைப் பெறும் கருவி 1000 வாற்றைத் தொடர்ந்து கொடுத்தல் எங்ஙனம் கூடும்? உழக்கு நெல்லைக் குற்றி மூட்டை அரிசி எடுக்க இயலாதன்றோ!

அடுத்துக் கவனிக்கவேண்டியது ஓம் என்னும் எண். ஒலிபெருக்கி மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கின்றது என்பதை இது குறிக்கும். 8 ஓம் பெட்டியினும் 4 ஓம் பெட்டி, ஒரே மின்னழுத்தத்தில் இருமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இவ்வெண்ணும் நிலையானதன்று, சுரத்துக்குச் சுரம் அது ஏறியும் இறங்கியும் மாறும். ஆகையால், 4 ஓம் பெட்டிகளை வாங்குபவர், விரியலாக்கி அவ்வளவுக்கு ஏற்றதெனச் செய்தவர் கூறியிருக்கின்றாரா என்று பார்த்தல் வேண்டும். வாற்று எண் குறைந்திருப்பினும், கேட்டபோது மின்னோட்டத்தைத் தளராது வழங்கும் கருவியே சிறந்தது.

இணைப்புக் கம்பிகளுக்குப் பெரும்பொருள் செலவிடுதல் தேவையற்றது. 1.5 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரணச் செப்புக் கம்பியை 3 மீற்றர் நீளத்துக்கு இட்டால், போக்கும் வரவுமாக அதன் தடை ஓர் ஓமின் நூற்றில் ஏழு பங்கு அளவினதே. 8 ஓம் பெட்டிக்கு முன் அது புறக்கணிக்கத்தக்கது. ஆனால், சிவப்பு முனையைச் சிவப்புடனும் கறுப்பு முனையைக் கறுப்புடனும் சேர்த்தல் இன்றியமையாதது. ஒரு பெட்டியில் அவை மாறிவிடின், ஒரு கூம்பு முன்னே செல்லுகையில் மற்றையது பின்னே செல்லும். கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகரின் குரல் நடுவில் நில்லாது எங்கும் சிதறும். வலு போதவில்லை என்று வருந்துவோர் சிலரின் உண்மைக் குறை இவ்வொரு கம்பியிலேயே இருத்தல் கூடும்.

வெப்ப நாட்டின் சிற்றறைக்கு மற்றொரு கவலையும் உண்டு. ‘ஏ’ வகுப்பு எனப்படும் விரியலாக்கிகள் இசை இல்லாத போதும் முழு மின்னோட்டத்தையும் பெற்றுக்கொண்டே இருக்கும். வழிக்கு 25 வாற்று தரும் அத்தகைய கருவி 100 வாற்றுக்கு மேற்பட்ட வலுவை இடைவிடாது உட்கொண்டு, வெப்பமாக அறையில் விடும். குளிர் நாட்டில் அது இதமாகலாம். காற்றோட்டம் குறைந்த தொடர்மாடி அறையிலோ துன்பமாகும். பெரும்பாலான திரான்சிஸ்டர் விரியலாக்கிகள் ‘ஏபி’ வகுப்பைச் சார்ந்தவை. அமைதியான வேளையில் அவை சிறிதே வெப்பம் உண்டாக்கும். ‘டி’ வகுப்பு என்பது மின்னோட்டத்தை மிக விரைவாக விட்டு விட்டுச் செலுத்தும் முறை. அது பெற்ற வலுவில் நூற்றுக்கு 80, 90 பங்கை ஒலிபெருக்கிக்கே தந்துவிடுவதால், புத்தகமளவான சிறு பெட்டியிலும் போதிய வலுவை அடக்க முடிகின்றது. இடமும் மின்கட்டணமும் கருதுவோர்க்கு அது ஏற்றது.

குமிழைச் சிறிது தொட்டாலே ஒலி பெருகிவிடுகின்றது என்பதைக் கருவியின் பெருமையாகச் சிலர் கொள்வர். அது குறையே ஆகும். இசைவட்டுக் கருவிகள் 2 வோல்ற்று அளவான குறிப்பைத் தருவன. விரியலாக்கிகள் பலவற்றுக்கோ அதில் நாலிலொரு பங்கே முழு வலுவுக்கும் போதுமானது. ஆதலால், பெரிய விரியலாக்கியைச் சிற்றறையில் வைத்தவர், குமிழின் தொடக்கப் பகுதியிலேயே என்றும் நிற்க வேண்டியவராகின்றார். அப்பகுதியிலேதான் குமிழ்கள் பலவும் இடமும் வலமும் ஒவ்வாது பிசகும். நடுவில் நிற்கவேண்டிய குரல் ஒருபுறம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனைக்கும் மேலாக, அறையே ஒரு வாத்தியம்போல இயங்குவது. 4 மீற்றர் நீளமான அறையில் செக்கனுக்கு 43 அதிர்வுகள் அளவிலும், 3 மீற்றர் அகலத்தில் 58 அதிர்வுகள் அளவிலும் ஒலி சுவர்களுக்கிடையே நின்று முழங்கும். பெட்டியை மூலையில் ஒட்டி வைத்தால் இம்முழக்கம் பெருகி, பாடலின் சொற்களையும் மறைத்துவிடும். பெட்டிகளை மூலையிலிருந்து விலக்கிச் சுவருக்குச் சற்று முன்னே வைப்பதும், பெட்டியின் துவாரத்தை நுரைத் துண்டால் அடைத்துப் பார்ப்பதும் செலவில்லாத பரிகாரங்கள்.

அயலவரைச் சென்று தாக்குவதும் இக்கீழ்ச்சுரமே. சுவரானது உயர்ந்த அதிர்வுகளை எளிதிற் தடுக்கும். அதிர்வு பாதியாகுந்தோறும் அதன் தடுப்பாற்றல் ஏறத்தாழ 6 தெசிபெல் குன்றும். எனவே, அடுத்த வீட்டார் கேட்பது பாட்டன்று. பொருளற்ற ‘தும் தும்’ என்னும் அடியொலி மட்டுமே. நன்கு உறங்குவதற்குப் படுக்கையறையின் ஒலி 30 தெசிபெல்லைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. பொதுச் சுவரில் பெட்டியைச் சாத்தாமையும், அதன் அடியில் மெத்தென்ற இறப்பர்த் தட்டை இடுதலும், இரவிற் கீழ்ச்சுரத்தைத் தணித்தலும் ஒருங்கு வாழ்வோர்க்குரிய கடமைகளாம்.

எல்லாவற்றிலும் சிறந்த வழி, நாற்காலியை முன்னே நகர்த்துதலே. 2 மீற்றர் தொலைவிலிருந்து ஒரு மீற்றருக்கு வந்தால், முன் கேட்ட அதே ஒலிக்கு நாலிலொரு பங்கு வலுவே போதும் என்று கணக்குக் காட்டுகின்றது. அயலவரை அடையும் ஒலியும் 6 தெசிபெல் குறையும். சுவரில் மோதித் திரும்பும் ஒலியினும் நேரே வரும் ஒலி மேலோங்குவதால், இசையும் தெளிவுறும். பெருமண்டபத்தில் இயலாத இந்நன்மை சிற்றறைக்கே உரியது.

மெல்லக் கேட்கும்போது இசை மெலிந்து, உயிரற்றதுபோலத் தோன்றுவதும் உண்டு. குறை கருவியிலன்று, செவியிலே. ஒலி தாழுந்தோறும் மனிதச் செவி கீழ்ச்சுரங்களை ஏனையவற்றினும் விரைவாக இழந்துவிடுகின்றது என்பதைப் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்போர் 1933ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். இதனை ஈடுசெய்யவே ‘லவுட்னஸ்’ என்னும் பொத்தான் விரியலாக்கிகள் சிலவற்றில் அமைக்கப்பட்டது. தாழ்ந்த ஒலியில் அதனை அளவோடு பயன்படுத்தினால், உரத்துக் கேளாமலே இசை நிறைவு பெறும்.

ஆகவே, சிற்றறைக்குக் கருவி வாங்கச் செல்பவர் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. ஒலிபெருக்கியின் உணர்திறன் எவ்வளவு? அது எத்தனை ஓம்? விரியலாக்கி தொடர்ந்து தரும் வலு எவ்வளவு? மிகத் தாழ்ந்த ஒலியிலும் இரைச்சலின்றி, இருபுறமும் ஒத்து ஒலிக்கின்றதா? கடைசிக் கேள்விக்கு விடையை அட்டையிலே தேடாது, கடையில் குமிழை வெகுவாகத் தாழ்த்தி, தமக்குப் பழக்கமான குரலொன்றைச் செவியாலேயே கேட்டறிதல் வேண்டும். வீட்டில் அவர் நாளும் பயன்படுத்தப்போவது அந்தக் கருவியின் முதலாவது வாற்றைத்தான். அந்த ஒரு வாற்று தூயதாக இருக்குமாயின், நள்ளிரவில் கதவைச் சாத்திக்கொண்டு, பிறர் உறக்கம் கலையாமலே அவர் ஓர் ஆலாபனையை முழுமையாகக் கேட்டு முடிக்கலாம்.